நியூட்ரினோவை எடைபோடும் விண்மீன் திரள்கள்

1983ஆம் ஆண்டு சைமன் வைட், கார்லோஸ் ஃபிரெங்க், மார்க் டேவிஸ் என்ற மூன்று வானியலாளர்கள் கணினிக்குள் ஒரு பேரண்டத்தைக் கட்டினார்கள். அதில் பெரும்பகுதி நியூட்ரினோ என்ற துகளால் நிரம்பியிருந்தது. பேரண்டம் விரிந்தது, ஈர்ப்பு விசை பொருளைத் திரட்டியது, கொத்துகளும் வெற்றிடங்களும் உருவாயின. பிறகு அந்தக் கணினிப் பேரண்டத்தை எடுத்து, தொலைநோக்கியால் அளந்த உண்மையான வானத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அன்று பலரும் ஆவலோடு பேசிக்கொண்டிருந்த ஒரு கோட்பாடு அதோடு சரிந்தது.

பேரண்டத்தைப் பற்றிய பேச்சு என்றாலே யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்த எண்ணம் தவறு. அண்டவியலில் ஒரு மாதிரியை முன்வைப்பவர், அது எங்கே தோற்கும் என்பதையும் எண்களில் சொல்லியாக வேண்டும். இப்படிக் கணினியில் பேரண்டத்தைக் கட்டிப் பார்க்கும் சிமுலேஷன் அந்த எண்களைக் கணக்கிட்டுத் தருகிறது. விண்மீன் திரள்களின் கணக்கெடுப்பு அவற்றைச் சரிபார்க்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் சிக்கிக் கடந்த ஐம்பதாண்டுகளில் எத்தனையோ மாதிரிகள் விழுந்திருக்கின்றன. அந்தக் கதையை நியூட்ரினோவின் வழியாகச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் துகளை நமக்குப் புரியவைத்தவர்களில் ஒருவர் தாம்பரத்தில் இயற்பியல் படித்தவர்.

தாம்பரத்திலிருந்து தரமணிக்கு

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் புதர்க்காட்டுக்கு இடம்பெயர்ந்தது. கோட்டயத்துக்காரரான இ.சி.ஜி. சுதர்சன் அங்கே படித்து 1951இல் ஹானர்ஸ் பட்டம் பெற்றார். சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மார்ஷாக்கின் மாணவரானார். அணுக்கருக்கள் சிதையும்போது செயல்படும் ‘வலுவற்ற விசை’க்கு எந்த வடிவம் பொருந்தும் என்பது அன்றைய பெரும் புதிர். இருந்த சோதனை முடிவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. 1957இல் சுதர்சனும் மார்ஷாக்கும் ‘வி மைனஸ் ஏ’ என்ற வடிவத்தை முன்வைத்தார்கள். அதற்கு ஒத்துவராத நான்கு சோதனைகளை அவர்களே பட்டியலிட்டு, அவற்றைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். திரும்பச் செய்தபோது சோதனைகளில்தான் பிழை இருந்தது என்று தெரியவந்தது.

இந்தக் கோட்பாட்டின்படி நியூட்ரினோ ஒரு விசித்திரமான துகள். வலுவற்ற விசையில் ஈடுபடும் நியூட்ரினோக்கள் எல்லாம் இடக்கைப் பக்கமாகவே சுழலும். அதற்கு மின்னூட்டம் கிடையாது. நிறையும் கிடையாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. சூரியனிலிருந்து கிளம்பும் நியூட்ரினோக்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே ஒரு நொடிக்கு 6,000 கோடிக்கு மேல் கடந்து போகின்றன. ஒன்றுகூட நின்று பார்ப்பதில்லை என்றே சொல்லலாம். பெருவெடிப்பு நடந்து ஒரு நொடியளவில் பிரிந்து வந்த ஆதி நியூட்ரினோக்களும் இன்னும் விண்ணில் நிறைந்திருக்கின்றன. ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 336 என்பது கணக்கு. நீங்கள் காபி குடிக்கும் டம்ளரை வெறுமையாக வைத்தாலும் அதற்குள் ஐம்பதாயிரத்துக்குக் குறையாத ஆதி நியூட்ரினோக்கள் எந்நேரமும் இருக்கும்.

சுதர்சன் பின்னாளில், 1980களில், தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக வந்தார். அல்லாடி ராமகிருஷ்ணன் 1962இல் தொடங்கிய நிறுவனம் அது. தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வழியாக ஒரு பஸ் பயணத்தில் எட்டிவிடக்கூடிய அந்த வளாகத்தில் நியூட்ரினோவும் அண்டவியலும் இன்றுவரை ஆய்வுப் பொருள்கள்.

எண்ணிக்கை தரும் எடை

ஒரு துகளுக்கு இம்மியளவு நிறை இருந்தாலும், எண்ணிக்கை இவ்வளவு என்றால் மொத்த எடை என்னவாகும்? 1972இல் ராமநாத் கௌசிக் என்ற இந்திய இயற்பியலாளர், பெர்க்லியில் மெக்லெலண்ட் என்பவரோடு சேர்ந்து இந்தக் கேள்வியை எழுப்பினார். நியூட்ரினோ மிகவும் கனமாக இருந்தால் அதன் ஈர்ப்பே பேரண்டத்தின் விரிவை இழுத்துப் பிடித்திருக்கும். பேரண்டம் இன்று விரிகிற வேகத்தைப் பார்த்தால் அப்படி நடக்கவில்லை. ஆகவே நியூட்ரினோவின் நிறை ஒரு வரம்பைத் தாண்ட முடியாது. அணுவுக்குள் இருக்கும் துகளின் எடையை ஆய்வகத்துக்கு வெளியே, வானத்தைப் பார்த்துக் கணித்த முன்னோடி முயற்சிகளில் இது ஒன்று. அடுத்த ஆண்டே இருவரும் இன்னொரு படி மேலே போனார்கள். விண்மீன் திரள்களின் கொத்துகளில் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் எடை நியூட்ரினோக்களுடையதாக இருக்கலாம் என்றார்கள். கௌசிக் பிற்பாடு பெங்களூரின் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு இயக்குநரானார். நம் ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நடத்துவது அந்த நிறுவனம்தான்.

1980இல் மாஸ்கோவின் ஆய்வகம் ஒன்று நியூட்ரினோவுக்குச் சுமார் 30 எலக்ட்ரான் வோல்ட் நிறை இருப்பதாக அறிவித்தது. துகள்களின் நிறையை எலக்ட்ரான் வோல்ட்டில் சொல்வது வழக்கம். ஒரு எலக்ட்ரானின் நிறை 5,11,000 எலக்ட்ரான் வோல்ட். அதோடு ஒப்பிட்டால் 30 என்பது ஒன்றுமே இல்லை. ஆனால் கன சென்டிமீட்டருக்கு நூற்றுக்கணக்கில் இருப்பதால், பேரண்டத்தின் மொத்த எடையில் பெரும்பங்கு நியூட்ரினோக்களுடையதாகிவிடும். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் அந்தக் கரும்பொருள் எது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிதான் 1983இல் கலைந்தது.

விளக்குகள் சொல்லும் ஊர்

விண்மீன் திரள்கள் வானத்தில் சமமாகத் தூவப்படவில்லை. இரவில் மீனம்பாக்கத்துக்கு இறங்கும் விமானத்திலிருந்து தென்சென்னைப் புறநகரைப் பார்த்தவர்களுக்கு அவை பரவியிருக்கும் விதம் சட்டென்று பிடிபடும். ஜி.எஸ்.டி. சாலை நெடுக பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று விளக்குகள் சரம் சரமாகப் போகின்றன. முடிச்சூர் சாலையும் வேளச்சேரி சாலையும் வந்து சேரும் தாம்பரத்தில் அவை கொத்தாகக் குவிகின்றன. இடையிடையே வண்டலூர் காப்புக்காடும் நன்மங்கலம் காடும் பள்ளிக்கரணைச் சதுப்பும் பெரிய இருட்டுத் திட்டுகளாகக் கிடக்கின்றன. விண்மீன் திரள்களும் இப்படியே இழைகளாகவும், இழைகள் சந்திக்கும் இடத்தில் கொத்துகளாகவும், நடுவில் பல கோடி ஒளியாண்டு அகலமுள்ள வெற்றிடங்களாகவும் அமைந்திருக்கின்றன.

இந்த ஊர் எப்படி உருவானது என்று தெரியாத ஒருவர் இரண்டு விதமாக யோசிக்கலாம். முதலில் ஒரு பெருநகரம் போடப்பட்டு, பிறகு அது நகர்களாகப் பிரிந்தது என்பது ஒன்று. ஏரிக்கரைகளில் தனித்தனிச் சிற்றூர்கள் முளைத்து, வளர்ந்து, ஒட்டிக்கொண்டன என்பது இன்னொன்று. தாம்பரத்தைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் உண்மை. செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை எல்லாம் தனித்தனியே இருந்து, 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்தவை. பேரண்டத்துக்கும் இதே இரண்டு வழிகள் சொல்லப்பட்டன. நியூட்ரினோ போன்ற இலேசான துகள் ஆதியில் ஒளியின் வேகத்தை ஒட்டிப் பாயும். அதை ‘வெப்பக் கரும்பொருள்’ என்பார்கள். அப்படிப் பாயும் பொருள் சின்னச் சின்னத் திரட்சிகளில் தங்காமல் அவற்றைக் கரைத்துவிடும். ஆகவே முதலில் உருவாவது மாபெரும் கொத்துகள். தனித்தனி விண்மீன் திரள்கள் அவற்றிலிருந்து உடைந்து பின்னால்தான் பிறக்க முடியும். மெதுவாக நகரும் கனமான துகள், அதாவது ‘குளிர்க் கரும்பொருள்’ என்றால், சிறியவை முதலில் பிறந்து சேர்ந்து சேர்ந்து பெரியவை ஆகும்.

விளக்கைப் பார்த்து மக்கள்தொகையை எண்ணுவதில் ஒரு சிக்கலும் உண்டு. சானடோரியம் பக்கத்து மெப்ஸ் தொழிற்பேட்டையில் இரவெல்லாம் விளக்கு எரியும், குடியிருப்பவர் இல்லை. விண்மீன் திரள்களும் அப்படித்தான். கரும்பொருள் எங்கே அடர்த்தி என்பதை அவை காட்டும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்று காட்டாது. ஒளிக்கும் எடைக்கும் உள்ள இந்த இடைவெளியைச் சரியாகக் கணக்கில் எடுப்பது கணக்கெடுப்பாளர்களின் தீராத வேலை.

பெட்டிக்குள் பேரண்டம்

சிமுலேஷனில் நடப்பது இதுதான். கணினியில் ஒரு கனசதுரப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதைத் துகள்களால் நிரப்புகிறார்கள். ஒவ்வொரு துகளும் பல கோடிச் சூரியன்களின் எடைக்குப் பிரதிநிதி. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு, அன்று பொருள் எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு பரவியிருந்தது என்பதைக் காட்டுகிறது. அதன் வெப்பநிலையில் உள்ள வேறுபாடு லட்சத்தில் ஒரு பங்கு. அதற்குப் பொருந்தும் சிறு மேடுபள்ளங்களை இன்றைய சிமுலேஷன்களின் தொடக்கத்தில் வைக்கிறார்கள். பிறகு நியூட்டன் விதிப்படி ஒவ்வொரு துகளும் மற்றவற்றை இழுக்கிறது. பெட்டியும் விரிந்துகொண்டே போகிறது. படிப்படியாகக் காலத்தை நகர்த்தி இன்றைய நாளுக்குக் கொண்டுவருகிறார்கள்.

இதில் இடறுவது கணக்கின் பாரம். 1980களின் சிமுலேஷன்களில் இருந்தவை ஏறத்தாழ 30,000 துகள்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியே ஈர்ப்பைக் கணக்கிட்டால் ஒரே ஒரு படிக்கு நாற்பது கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் வரும். 2005இல் வந்த மில்லேனியம் சிமுலேஷனில் சுமார் 1,000 கோடி துகள்கள். 2021இல் வெளியான அபாகஸ் சம்மிட் தொகுப்பில் ஒரே பெட்டியில் 33,000 கோடி துகள்கள். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகள். ஜோடி ஜோடியாகக் கணக்குப் போட்டு இதை முடிக்கவே முடியாது. தொலைவிலுள்ள துகள்களைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே இழுப்பாகக் கொள்வதும், பெட்டியை வலைக்கட்டமாகப் பிரித்து ஈர்ப்பைக் கணிப்பதும் நடைமுறை. இந்த இரண்டையும் இணைத்த ‘ட்ரீபிஎம்’ என்ற முறையை அலகாபாத்தில் இருந்த ஜஸ்ஜீத் பாக்லா 2002இல் இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளியிட்டார்.

1983இல் சோதனை செய்தவர்களிடம் ஒப்பிடுவதற்கு ஹார்வர்ட் வானியல் மையத்தின் கணக்கெடுப்பு இருந்தது. அதில் இருந்தவை சுமார் 2,400 விண்மீன் திரள்களின் தொலைவுகள். நியூட்ரினோப் பேரண்டத்தை அந்த வரைபடம் இரண்டு பக்கமும் நெருக்கியது. தொலைவில் குவாசர்கள், அதாவது சில திரள்களின் ஒளிமிகுந்த மையங்கள், தெரிந்தன. ஆகவே விண்மீன் திரள்கள் வெகு முன்னதாகவே பிறந்திருக்க வேண்டும். நியூட்ரினோப் பேரண்டத்தில் அவ்வளவு முன்னதாக அவற்றைப் பிறக்கவைத்தால், இன்றைக்குள் எல்லாம் அளவுக்கு மீறி ஒரே குவியலாகிவிடுகிறது. இன்றைய குவியலின் அளவைச் சரியாகக் கொண்டுவந்தால், விண்மீன் திரள்கள் பிறப்பது நேற்றோ இன்றோ என்றாகிவிடுகிறது. இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வழியில்லை. மாஸ்கோ முடிவும் பின்வந்த ஆய்வகச் சோதனைகளில் நிற்கவில்லை. ஆனால் வானம் அதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

வென்றவருக்கும் தேர்வு உண்டு

1985இல் டேவிஸ், எஃப்ஸ்டாத்தியு, ஃபிரெங்க், வைட் நால்வரும் குளிர்க் கரும்பொருளை வைத்துச் செய்த சிமுலேஷன் வானத்தோடு நன்றாகவே ஒத்துப்போனது. அத்தோடு ஆராய்ச்சியை மூட்டை கட்டியிருக்கலாம். ஆனால் அடுத்த கணக்கெடுப்பு வந்தது. பிரிட்டனின் ஷ்மிட் தொலைநோக்கி எடுத்த ஒளிப்படத் தகடுகளை இயந்திரத்தால் அலசிச் சுமார் 20 லட்சம் விண்மீன் திரள்களைப் பட்டியலிட்டது ஏபிஎம் கணக்கெடுப்பு. மிகப் பெரிய தொலைவுகளில், குளிர்க் கரும்பொருள் மாதிரி சொன்னதைவிடக் கொத்தும் கொடியுமான அமைப்புகள் அதில் அதிகம் இருந்தன. 1990இல் எஃப்ஸ்டாத்தியுவும் அவரது சகாக்களும் ஒரு வழி சொன்னார்கள். பேரண்டத்தில் பொருளின் பங்கு நினைத்ததைவிடக் குறைவு. மீதியை ஐன்ஸ்டைன் 1917இல் எழுதிய அண்டவியல் மாறிலி நிரப்புகிறது. தான் ஐந்தாண்டுக்கு முன் சேர்ந்து வளர்த்த மாதிரியை எஃப்ஸ்டாத்தியுவே திருத்தினார். 1998இல் சூப்பர்நோவாக்கள் என்ற விண்மீன் வெடிப்புகள் பேரண்டத்தின் விரிவு வேகம் கூடிவருவதைக் காட்டியபோது அந்தத் திருத்தம் உறுதிப்பட்டது. சாதாரணப் பொருள் 5 சதவீதம், கரும்பொருள் ஏறத்தாழ 27, அந்த மாறிலி குறிக்கும் கரும் ஆற்றல் ஏறத்தாழ 68 என்ற இன்றைய மாதிரி இப்படி அடிவாங்கி அடிவாங்கி உருவானது.

அதன் தேர்வு இன்னும் முடியவில்லை. கோயம்புத்தூரில் பிறந்து, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் பிரியம்வதா நடராஜன், விண்மீன் திரள்களின் கொத்துகளில் கரும்பொருள் எப்படிப் பரவியிருக்கிறது என்பதை ஒளி வளைவதை வைத்து வரைபடமாக்குபவர். அவர் பங்கேற்ற குழு 2020இல் 11 கொத்துகளை ஆராய்ந்தது. கொத்துக்குள் இருக்கும் தனித்தனித் திரள்கள் ஒளியை வளைக்கும் ஆற்றல், சிமுலேஷன்கள் சொன்னதைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது. பிழை சிமுலேஷனிலா, கரும்பொருளைப் பற்றிய நம் புரிதலிலா என்ற விவாதம் தொடர்கிறது. தன் மாதிரியோடு ஒத்துவராத எண்ணை முன்னணி இதழில் வெளிப்படையாகப் போட்டு, மற்றவர்களை வந்து உடைத்துப் பார்க்கச் சொல்வதுதான் இந்தத் துறையின் ஆரோக்கியம்.

ஐயாயிரம் ஒளியிழைகள்

இன்று உலகின் மிகப் பெரிய கணக்கெடுப்புகளில் ஒன்று அமெரிக்காவின் அரிசோனாவில், கிட் பீக் மலையிலுள்ள 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் நடக்கிறது. ‘டெசி’ என்று பெயர். தொலைநோக்கியின் குவியத்தில் 5,000 ஒளியிழைகள். ஒவ்வொன்றையும் ஒரு குட்டி ரோபோ பிடித்திருக்கிறது. வானத்தின் ஒரு பகுதியை நோக்கித் திருப்பியதும் ஒவ்வொரு ரோபோவும் தன் இழையின் முனையை, முடியின் தடிமனைவிடக் குறைவான பிழையோடு, ஒரு விண்மீன் திரளின் மேல் கொண்டுபோய் நிறுத்தும். இழை கொண்டுவரும் ஒளி நிறமாலையாகப் பிரிக்கப்படும்.

ஒரே ஒரு திரளை எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள ஆக்ஸிஜன் வாயு 3,727 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் ஒளிர்கிறது. அந்தக் கோடு நம்மை வந்தடையும்போது 7,454 ஆங்ஸ்ட்ராமில் தெரிகிறது என்றால், ஒளி கிளம்பிய பிறகு பேரண்டம் சரியாக இரண்டு மடங்கு விரிந்திருக்கிறது என்று பொருள். அந்த ஒளி கிளம்பி ஏறத்தாழ 780 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. பூமியே பிறக்காத காலம். ஒரு கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தே தொலைவைச் சொல்லிவிடலாம். இப்படி லட்சக்கணக்கில் செய்தால் முப்பரிமாண வரைபடம் கிடைக்கிறது. 2025 மார்ச்சில் டெசி வெளியிட்ட ஆய்வு 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன் திரள்களையும் குவாசர்களையும் பயன்படுத்தியது. 1983இன் 2,400ஐ நினைத்துப் பாருங்கள்.

அந்த வரைபடத்தில் ஒரு அளவுகோல் ஒளிந்திருக்கிறது. ஆதிப் பேரண்டத்தின் கொதிக்கும் வாயுவில் ஒலி அலைகள் பரவின. வாயு குளிர்ந்து ஒளி பிரிந்தபோது அலைகள் அப்படியே உறைந்தன. அதன் விளைவாக, ஒரு விண்மீன் திரளிலிருந்து சுமார் 50 கோடி ஒளியாண்டு தள்ளி இன்னொன்றைக் காணும் வாய்ப்பு இன்றும் சற்றே அதிகம். இந்த நீளத்தை வெவ்வேறு தொலைவுகளில் அளந்தால், பேரண்டம் எந்தக் காலத்தில் எவ்வளவு விரிந்தது என்ற வரலாறு முழுதும் வந்துவிடும். 2005இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்தத் தடயம்தான் டெசியின் முதன்மைக் கருவி.

இந்த இடத்தில் சிமுலேஷனின் பணி மாறுகிறது. பேரண்டம் எப்படி இருக்கும் என்று சொன்னால் போதாது. இந்தத் தொலைநோக்கிக்கு அது எப்படித் தெரியும் என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ரோபோவும் ஒரு சிறு வட்டத்துக்குள்தான் நகர முடியும். இரண்டு திரள்கள் மிக நெருக்கமாக இருந்தால் ஒன்று விடுபடும். பிரகாசமான நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் வானம் பயன்படாது. இந்தக் குறைகளை எல்லாம் கணினிப் பேரண்டத்திலும் வேண்டுமென்றே புகுத்திப் ‘போலிப் பட்டியல்கள்’ தயாரிக்கிறார்கள். விடை தெரிந்த அந்தப் பட்டியல்களில் சரியான விடையைத் திரும்ப எடுக்க முடிந்தால்தான் ஆய்வுமுறைக்கு அனுமதி. உண்மையான தரவைப் பகுப்பாய்வு செய்யும்போதும் எண்களை ஒரு ரகசிய அளவுக்கு மாற்றி வைத்துவிடுகிறார்கள். முறை முழுதும் முடிவான பிறகே திரை விலகும். தனக்குப் பிடித்த விடையை நோக்கிக் கை சாய்வது மனித இயல்பு. அதைத் தடுக்க இவ்வளவு மெனக்கெடும் ஒரு துறையை நான் மனமார மதிக்கிறேன்.

மீண்டும் நியூட்ரினோ

1998இல் ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டே ஆய்வகம் நியூட்ரினோக்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறுவதைக் காட்டியது. அப்படி மாற வேண்டுமானால் அவற்றுக்கு நிறை இருந்தாக வேண்டும். கஜிட்டா, மெக்டொனால்டு என்ற இரு இயற்பியலாளர்களுக்கு 2015இன் நோபல் பரிசு கிடைத்தது இந்த மாற்றத்தைக் கண்டறிந்ததற்காகத்தான். நியூட்ரினோ கரும்பொருளின் பெரும்பங்கு அல்ல என்பது 1983இல் முடிந்த கதை. ஆனால் நிறை உண்டு என்றால் அதன் சிறு பங்கு வானத்தில் எங்கோ தென்பட வேண்டும்.

எவ்வளவு என்று நாமே கணக்கிடலாம். மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறைகளை மாற்றச் சோதனைகள் நேரடியாகத் தருவதில்லை. நிறைகளின் வர்க்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தையே தருகின்றன. பெரிய வித்தியாசம் 0.0025, அதன் வர்க்கமூலம் 0.05. சிறிய வித்தியாசம் 0.000075, வர்க்கமூலம் சுமார் 0.009. மிக இலேசானதன் நிறை பூஜ்யம் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றின் கூட்டுத்தொகை 0.059 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே போக முடியாது. நிறைகளின் வரிசை தலைகீழாக இருந்தால் ஏறத்தாழ 0.1. ஆக, இது கீழ் வரம்பு.

மேல் வரம்பை ஆய்வகத்தில் தேடும் ஜெர்மனியின் கேட்ரின் சோதனை 2025இல் ஒரு நியூட்ரினோவுக்கு 0.45 எலக்ட்ரான் வோல்ட் வரை நெருங்கியது. விண்மீன் திரள்கள் அதைவிட வெகுதூரம் முன்னால் போய்விட்டன. 2002இல், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட திரள்களைத் திரட்டிய ஒரு கணக்கெடுப்பின் தரவைக் கொண்டு மூன்றின் கூட்டுத்தொகை சுமார் 2 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் போகாது என்றார்கள். பிளாங்க் விண்கலத்தின் தரவு 2018இல் அதை 0.12க்குக் கொண்டுவந்தது. டெசியும் நுண்ணலைப் பின்னணியும் சேர்ந்து 2024இல் 0.072, 2025இல் 0.064 என்று சொல்லின. மேல் வரம்பு இறங்கி இறங்கிக் கீழ் வரம்பைத் தொட வந்துவிட்டது.

இங்கேதான் சுவாரசியம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் டெசி காணும் மொத்தப் பொருளில் நியூட்ரினோவின் எடைக்கு மிச்சம் இடமே இருப்பதாகத் தெரியவில்லை. கணிதத்துக்கு முழுச் சுதந்திரம் கொடுத்தால், பூஜ்யத்துக்கும் கீழான நிறையை நோக்கி விடை சாய்கிறது. நிறை எதிர்மறையாக இருக்க முடியாது. அப்படியானால் எங்கோ ஓர் எடுகோள் இடிக்கிறது. ஒருவேளை அளவீட்டில் இன்னும் அகப்படாத பிழை இருக்கலாம். இல்லையென்றால், மாறாதது என்று நாம் வைத்துக்கொண்ட கரும் ஆற்றல் காலப்போக்கில் மாறிவருகிறது. அதை மாறவிட்டால் நியூட்ரினோவுக்கான வரம்பு 0.16 வரை தளர்ந்து, முரண்பாடு மறைகிறது. நியூட்ரினோவை விட்டுவிட்டுப் பார்த்தாலும் டெசியின் தரவு, நுண்ணலைப் பின்னணியோடும் சூப்பர்நோவாக்களோடும் சேரும்போது, கரும் ஆற்றல் மாறுவதற்கான சாயலைக் காட்டுகிறது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்போடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து புள்ளியியல் அளவில் அதன் வலிமை 2.8 முதல் 4.2 சிக்மா வரை இருக்கிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும். ஆகவே இதைக் குறிப்பு என்றுதான் சொல்ல முடியும். ஆனால் அலட்சியப்படுத்த முடியாத குறிப்பு.

நியூட்ரினோ நிறைகளின் வரிசை எது என்று தரையில் உறுதியானால், வானத்துக்கான கீழ் வரம்பு 0.059ஆ 0.1ஆ என்பது முடிவாகும். தேனி மாவட்டத்து மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் நோக்கங்களில் அதுவும் ஒன்று. தரமணி விஞ்ஞானிகள் அதில் முக்கியப் பங்கு வகித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் குறித்த எதிர்ப்புகளுக்கு இடையே, 2022இல் தமிழக அரசு அனுமதி தர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதே வரிசையைத் தேடும் சீனாவின் ஜூனோ ஆய்வகம் 2025இல் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்

2023இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் யூக்ளிட் விண்கலமும், 2025இல் முதல் படங்களை வெளியிட்ட சிலி நாட்டிலுள்ள ரூபின் தொலைநோக்கியும் இந்தக் கணக்கை வேறு வேறு வழிகளில் திரும்பப் போடும். அவை சொல்லும் கூட்டுத்தொகை 0.06ஐ ஒட்டி நின்றால், இன்றைய மாதிரி தன் மிகக் கடினமான தேர்வில் தேறியதாகும். அதற்குக் கீழே தெளிவாக இறங்கினால், மாதிரியில் ஏதோ ஒரு தூணை மாற்றியாக வேண்டும். இரண்டில் எது நடந்தாலும் அறிவு ஒரு படி ஏறும். 1957இல் சுதர்சன் தன் கோட்பாட்டின் பக்கம் நின்று சோதனைகளைத் திரும்பச் செய்யச் சொன்னார். 1990இல் எஃப்ஸ்டாத்தியு கணக்கெடுப்பின் பக்கம் நின்று தன் மாதிரியைத் திருத்தினார். எந்தப் பக்கம் நிற்பது என்பதை ஆளின் பெருமை தீர்மானிக்கவில்லை, எண்கள் தீர்மானித்தன.

டெசியின் முதல் தொகுதித் தரவு, சுமார் 1 கோடியே 87 லட்சம் விண்பொருள்களின் விவரங்களோடு, 2025 மார்ச்சில் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. சிமுலேஷன் செய்யும் மென்பொருள்களும் இலவசம். 1980களில் நால்வர் பெரிய கணினியைப் பிடித்துவைத்துச் செய்த முப்பதாயிரம் துகள் கணக்கை இன்று ஒரு சாதாரண லேப்டாப்பே செய்துவிடும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் கல்லூரிகளில் இயற்பியலும் கணினியும் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது என்று தேடும்போது, அதில் நியூட்ரினோக்களைப் போட்டு ஒரு முறையும் போடாமல் ஒரு முறையும் ஓட்டிப் பார்க்கலாம். வரும் படத்தை டெசியின் வரைபடத்தோடு ஒப்பிடலாம். ஒரு பேரண்டம் ஏன் தவறு, இன்னொன்று ஏன் இதுவரை நிற்கிறது என்பதை அவர்கள் யார் சொல்லியும் நம்ப வேண்டியதில்லை.